பாதிக் குழி

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரியில்
ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி
பல்லுக்கிடையில் ஒரு வளையம் கொடுத்து
வாய் வழியே குழாயை இறக்கினார்கள்.
இருபது வருசமாய் ஊரான் நிலத்தில்
ராடு இறக்கியவன் நான்.
எனக்குள் இறங்கியது இதுதான் முதல் தடவை.

திரையில் என் இரைப்பை
கலங்கல் தண்ணி பாய்ந்த செம்மண்.
நடுவில் ஒரு வெள்ளைப் புண், காசகலம்.
ஓரத்தில் நெல்முனை அளவு கிள்ளி
மஞ்சள் ஜெல்லில் போட்டார் மேகலை டாக்டர்.
தொண்டை மரப்பு இறங்குவதற்குள்
அது ரோஸ் ஆகிவிட்டது.
"குடியிருக்குதுங்க" என்றது நர்ஸம்மா,
வாடகைக்கு ஆள் வந்த மாதிரி.

முன்னால் என்ன மருந்து சாப்பிட்டீங்க?
சொன்னேன்.
ராய்ப்பூரில் மூணு நாள்.
நாந்தேடு பக்கம் ஒரு மெடிக்கலில்
சீட்டில்லாமல் கொடுத்தது, ரெண்டு நாள்.
தாவணகெரெயில் பச்சையும் வெள்ளையுமாய் ஒரு கேப்சூல்;
வலி நின்றதும் மிச்ச அட்டையை
சுக்லாலுக்குக் கொடுத்துவிட்டேன், அவனுக்குக் காய்ச்சல்.
ஜார்க்கண்ட்காரன், நெஞ்சில் கை வைத்து வாங்கிக்கொண்டான்.
உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.
"நீங்க கிருமிக்கு மருந்து கொடுக்கலைங்க.
மருந்தோட மூஞ்சியைக் காட்டிக் கொடுத்திருக்கீங்க."

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
முதல் ஈரம் கண்டதும்
போதும் நிறுத்துங்க என்பார்கள்,
அடிக்கு இத்தனை என்று விரல் மடக்கியபடி.
அடுத்த பங்குனியில் மோட்டார் காற்றைக் குடிக்கும்.
நான் ரிக் ஏறிய வருசம்
காங்கேயம் பக்கம் முந்நூறில் தண்ணி.
இப்போது ஆயிரத்து நூறிலும் புகைதான் கிளம்புகிறது.

மருந்துக்கும் அடி ஏறுகிறதாம்.
முன்னே ஏழு நாளில் தீர்ந்தது
இன்றைக்கு நாலு மருந்து, பதினாலு நாள்.
"இதுக்குக் கீழ போனா
நம்மகிட்ட ராடு கம்மிங்க" என்றார்,
என் பாசையிலேயே.
சீட்டில் பேரெழுதும்போது மட்டும் சிரித்தார்:
"அர்த்தநாரி.
திருச்செங்கோட்டுச் சாமி பாதிப்பாதியா நிக்கலாம்.
இந்த அட்டை நிக்கக் கூடாது."

மூணாம் நாள் நாக்கு கறுத்தது.
வெளிக்குப் போனால் தார்.
துருவேறிய கேசிங் பைப்பை நக்கின ருசி
தூக்கத்திலும் போகவில்லை.
கோகிலவாணி திருச்செங்கோட்டிலிருந்து
நாளுக்கு நாலு தடவை போன் அடித்தாள்.
போட்டாச்சுங்களா. போட்டாச்சு.
அவ்வளவுதான், வைத்துவிடுவாள்.

ஆறாம் நாள் வலியில்லை.
இங்கேதான் நான் எப்போதும் நிறுத்துவேன்.
ரொம்ப நேரம் அட்டையைக் கையில் வைத்திருந்தேன்,
ஒரு குழியை மூடச் சொன்னவர் முன்னால் நிற்பதுபோல.

பதினோராம் நாள் வெள்ளகோவில் தாண்டி ஒரு காடு.
தொள்ளாயிரத்து நாற்பதில் பீறிட்டது, ஒன்றரை இஞ்ச்.
காட்டுக்காரர் டம்ளரில் பிடித்து நீட்டினார்:
"நீங்க மொதல்ல குடிங்க."
ஆறு ஸ்டேட்டில் இப்படி முதல் தண்ணி குடித்திருக்கிறேன்.
எங்கே தொற்றியதென்று டாக்டருக்கும் தெரியாது.
பொடிப்பையனாக இருக்கும்போதே வந்திருக்கலாமாம்.
டம்ளரை வாங்கி, உதட்டில் வைக்காமல்
மண்ணில் ஊற்றிக் கும்பிட்டேன்.
பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

கேன் தண்ணியில் மாத்திரை போடும்போது
சுக்லால் வந்தான், வயிற்றைப் பிடித்தபடி.
ரெண்டு வாரமாக எரிகிறதாம்.
கையை நீட்டினான், எப்போதும்போல.

இல்லை என்றேன்.
அவனிடம் நான் இல்லை என்று சொன்னதேயில்லை.
ஈரோட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன்.
அவனுக்கு விளங்கியது
இல்லை மட்டும்தான்.
கம்ப்ரசர் பக்கம் திரும்பிப் போய்
நூல்கழிவால் கையைத் துடைத்தான்,
துடைத்துக்கொண்டே இருந்தான்.

குழாய் இறக்க எவ்வளவு ஆகும் என்று
அவன் கேட்கவில்லை. முதலாளியிடம்
நான்தான் கேட்க வேண்டும்.

இன்னும் மூணு நாள், பிறகு ஒரு மாசம்.
ஒரு பையில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள்.
மூச்சே சொல்லிவிடுமாம்
அடியில் யாராவது மிச்சமிருந்தால்.